ஒரு கோப்பைச் சிறுநீரில் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுவிட முடியுமா?

காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 62 வயது. ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறையில் இளம் வயதிலேயே வேலைக்குச் சேர்ந்து, நடுவயது வரை சாயத் தொட்டியின் அருகிலேயே நின்றவர். பீடிப் பழக்கமும் நெடுங்காலம் இருந்து இப்போதுதான் விட்டிருக்கிறார். அதே பட்டறையில் வேலை பார்த்த என் பெரியப்பா சிறுநீர்ப்பைப் புற்றுநோயால் காலமானதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் இந்த நோயைப் பற்றிய அச்சம் இருந்துகொண்டே இருக்கிறது. இந்நிலையில், வீட்டிலேயே சிறுநீரைப் பிடித்துக் கூரியரில் அனுப்பினால், பத்துக்கும் மேற்பட்ட புற்றுநோய்களை அறிகுறி தோன்றும் முன்பே சொல்லிவிடுவதாக ஒரு நிறுவனத்தின் விளம்பரம் உறவினர் ஒருவர் மூலம் எங்களுக்கு வந்தது. கட்டணம் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய தொகை அல்ல. என்றாலும் அப்பாவின் உயிரை முன்னிட்டுப் பார்க்கும்போது பணம் பெரிதாகத் தெரியவில்லை. இத்தகைய பரிசோதனைகளை நம்பலாமா, அப்பாவைப் போன்ற ஒருவருக்கு உண்மையில் எந்தப் பரிசோதனை பயன்படும் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நுண்ணோக்கி

வணக்கம் சகோதரி. நான் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் செல் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். சிறுநீர் மாதிரிகளைக் கண்ணாடித் தகட்டில் பார்ப்பது என் அன்றாடப் பணி என்பதால், உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

சிறுநீரில் புற்றுநோயின் தடயத்தைத் தேடுவது இன்று நேற்று வந்த முயற்சி அல்ல. 1845ஆம் ஆண்டின் இறுதியில், கடுமையான எலும்பு வலியால் அவதிப்பட்ட லண்டன் மளிகை வணிகர் ஒருவரின் சிறுநீரை அவருடைய மருத்துவர்கள் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவருக்கு அனுப்பி, அதில் இருப்பது என்ன பொருள் என்று கேட்டார்கள். மிதமாகச் சூடாக்கியபோது அதிலிருந்த ஒரு புரதம் திரிந்து படிந்தது. கொதிக்க வைத்தபோது கரைந்துவிட்டது. ஆற வைத்தபோது மறுபடியும் திரிந்தது. 1847, 1848 ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகளால் அந்தப் புரதத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயின் அடையாளம் அது. புற்றுநோய்க்கென மருத்துவ உலகம் முதன்முதலில் கண்ட வேதியியல் அடையாளம் இவ்வாறு சிறுநீரில்தான் கிடைத்தது. ஆனால் அந்த வணிகர் 1846 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். நோய் முற்றிய பிறகு அதன் பெயரை அறிவதற்கே அந்தச் சோதனை உதவியது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வேதிப்பொருள் பூசிய பட்டையைச் சிறுநீரில் நனைத்து நிறமாற்றத்தைப் பார்க்கும் இன்றைய சாதாரணப் பட்டைச் சோதனையும் பெரும்பாலும் அல்புமினை மட்டுமே காட்டுமே தவிர, இந்தப் புரதத்தைக் காட்டாமல் விட்டுவிடக்கூடும்.

எங்கள் துறையின் தொடக்கம் 1945இல். கருப்பைவாய்ப் பரிசோதனையால் பெயர் பெற்ற பாப்பனிகோலாவும் சிறுநீரியல் அறுவை மருத்துவரான மார்ஷலும் அந்த ஆண்டு சிறுநீர் வண்டலில் புற்றுச் செல்களைக் காண முடியும் என்று எழுதினார்கள். இன்றும் நாங்கள் செய்வது ஏறக்குறைய அதையேதான். மாதிரியைச் சுழல் இயந்திரத்தில் இட்டுச் சுற்றி, அடியில் தங்குவதைத் தகட்டில் பரப்பி, சாயமேற்றிப் பார்க்கிறோம். நலமான சிறுநீர்ப்பையின் மேலடுக்குச் செல் அகன்று பரந்து, வெளிறிய உடலும் அதனுடன் ஒப்பிடச் சிறிய உட்கருவும் கொண்டிருக்கும். தீவிர வகைப் புற்றுச் செல்லிலோ, உட்கருவே செல்லை அடைத்துக்கொண்டு, கருத்துப்போய், விளிம்பு நெளிந்து, உள்ளே கரடுமுரடான திட்டுகளுடன் தெரியும். 2016இல் வெளியான பாரிஸ் முறை என்னும் சிறுநீர்ச் செல் பரிசோதனை வகைப்பாட்டின்படி, உட்கரு செல்லின் பத்தில் ஏழு பங்குக்கு மேல் நிறைத்திருப்பது தீவிர வகைப் புற்று என்ற முடிவுக்கு வருவதற்கான முக்கிய அளவுகோல்களில் ஒன்று.

தீவிர வகைக் கட்டிகளில் இந்தச் சோதனை சுமார் 84 விழுக்காடு பிடித்துவிடும் என்றும், மந்த வகைக் கட்டிகளில் 16 விழுக்காட்டை மட்டுமே பிடிக்கும் என்றும் ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. மந்த வகைச் செல் பார்வைக்கு நலமான செல்லைப் போலவே இருப்பதுதான் காரணம். சிறுநீர்ப்பையில் கல் இருந்தாலும், தொற்று இருந்தாலும் நலமான செல்களே விகாரப்பட்டு எங்களைக் குழப்பும். நேரடியாகப் புற்றுக் கட்டியைத் தொட்டுக்கொண்டே தேங்கி நிற்கிற சிறுநீரில், அந்தக் கட்டியிலிருந்தே உதிர்ந்த முழுச் செல்லைத் தேடும் சோதனையின் நிலையே இதுவென்றால், நுரையீரலிலோ கணையத்திலோ உள்ள கட்டி ரத்தத்தில் விட்டு, சிறுநீரகம் வடிகட்டி, சிறுநீரில் மிகச் சிறிதளவே வந்து சேரும் மூலக்கூற்றை நம்பிப் பத்துப் புற்றுநோய்களைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நகோயா_வாசி

நான் ஜப்பானில் வசிக்கிறேன். இந்த வகைப் பரிசோதனைகள் இங்கே கடைப்பொருள்போல விற்பனைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன என்பதால் எழுதுகிறேன்.

ஒன்று புழுவைக் கொண்டு செய்வது. கியூஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோட்சு தகாகி குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சீ. எலிகன்ஸ் என்ற நுண்புழு, புற்றுநோயாளியின் நீர்த்த சிறுநீரை நோக்கி நகர்கிறது, நலமானவரின் சிறுநீரைவிட்டு விலகுகிறது என்று காட்டினார்கள். 242 மாதிரிகளில் சுமார் 95 விழுக்காடு சரியாக இருந்ததாகச் சொல்லப்பட்டது நாளிதழ்களில் எல்லாம் வந்தது. ஆனால் அந்த 242 பேரில் புற்றுநோயாளிகள் 24 பேர் மட்டுமே என்பதைப் பெரும்பாலானோர் கவனிக்கவில்லை. 2020 ஜனவரியில் இந்தச் சோதனை விற்பனைக்கு வந்தது. எந்த உறுப்பில் புற்று என்பதை இந்தச் சோதனை சொல்லாது. ஆகவே 'ஆபத்து அதிகம்' என்று முடிவு வந்தவர்கள் பெட் ஸ்கேன் நிலையங்களுக்குப் போகிறார்கள். அங்குள்ள மருத்துவர்கள் இதன் துல்லியத்தைப் பற்றி வெளிப்படையாகவே ஐயம் எழுப்பியிருக்கிறார்கள்.

மற்றொன்று நகோயாப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. யசுயி தகாவோ குழுவினர் 2017இல் துத்தநாக ஆக்சைடு நுண்கம்பிகள் பதித்த சிறிய கருவியால், ஒரு மில்லிலிட்டர் சிறுநீரிலிருந்தே செல்கள் வெளிவிடும் நுண்ணிய மரபுப்பொருள் துணுக்குகளான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் சுமார் ஆயிரம் வகையைப் பிரித்துக் காட்டினார்கள். அறிவியலாக இது உண்மையிலேயே சிறப்பான வேலை. இதன் அடிப்படையிலும் வீட்டுச் சோதனை விற்பனைக்கு இருக்கிறது. என் கேள்வி: சிறந்த கருவி இருப்பதும், அந்தக் கருவியால் உயிர்கள் காப்பாற்றப்படுவதும் ஒன்றுதானா? இரண்டாவதற்கான சான்றை நான் இதுவரை காணவில்லை.

எண்ணும்_எழுத்தும்

நகோயா நண்பரின் கேள்வியைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். மருத்துவப் புள்ளியியல் என் தொழில்.

அறிகுறி ஏதும் இல்லாத 10,000 பேர் சோதனை செய்துகொள்கிறார்கள் என்றும், அவர்களில் 50 பேருக்கு மறைந்திருக்கும் புற்றுநோய் உண்டு என்றும், சோதனை நோயாளிகளில் 90 விழுக்காட்டினரைப் பிடிக்கும், நலமானவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாக விடுவிக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் இது '90 விழுக்காடு துல்லியம்' என்று வரும். 50 பேரில் 45 பேர் அகப்படுவார்கள். மீதி 9,950 பேரில் 995 பேருக்கு நோய் இல்லாமலேயே 'உண்டு' என்று வரும். ஆக மொத்தம் 1,040 பேருக்கு அச்சம் தரும் கடிதம் போகிறது. அவர்களில் 23 பேருக்கு ஒருவரிடமே நோய் இருக்கிறது. மற்றவர்கள் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, பயாப்சி என்று அலைவார்கள். எதுவும் அகப்படாவிட்டாலும் 'இன்னும் தென்படவில்லை போலும்' என்ற கலக்கம் அவர்களை விடாது. இன்னொரு பக்கம், தவறிப்போன ஐந்து பேர் 'இல்லை' என்ற தாளை வைத்துக்கொண்டு அறிகுறி வந்தாலும் மருத்துவரிடம் போகத் தாமதிப்பார்கள். எனக்கு இந்த ஐந்து பேரைப் பற்றித்தான் அதிகக் கவலை.

இதே சோதனையை, சிறுநீரில் ரத்தம் வந்து மருத்துவரை நாடிய 10,000 பேரிடம் செய்வதாகக் கொள்ளுங்கள். அவர்களில் ஆயிரம் பேருக்கு நோய் இருந்தால், 900 பேர் சரியாகவும் 900 பேர் தவறாகவும் அகப்படுவார்கள். அதாவது இருவரில் ஒருவருக்கு உண்மையாகவே நோய். சோதனை மாறவில்லை, யாரிடம் செய்கிறோம் என்பதுதான் மாறியிருக்கிறது.

இளவேனில்

இந்த இழையில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதாகத் தோன்றுவதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். என் தாயார் கணையப் புற்றுநோயால் இறந்தார். கண்டுபிடித்தபோது அறுவை செய்ய இயலாத நிலை. கணையத்துக்கு அறிகுறிக்காகக் காத்திருங்கள் என்று சொல்வது, வழியனுப்பக் காத்திருங்கள் என்று சொல்வதற்குச் சமம். லண்டன் ஆய்வாளர்கள் 2015இல் 488 சிறுநீர் மாதிரிகளை ஆராய்ந்து, லைவ்1, ரெக்1ஏ, டிஎஃப்எஃப்1 என்ற மூன்று புரதங்களின் அளவைச் சேர்த்துப் பார்த்தால் தொடக்கநிலைக் கணையப் புற்றையும் பிரித்தறிய முடிகிறது என்று வெளியிட்டார்கள். அந்த ஆய்வு இன்று பெரிய அளவில் தொடர்கிறது.

சிறுநீர்ப்பையிலேயே இதைவிட வியப்பான சான்று உண்டு. ஈரானின் வடகிழக்கில் உள்ள கொலெஸ்தான் மாகாணத்தில் 2004 முதல் 2008 வரை சுமார் 50,000 பேரின் சிறுநீரையும் ரத்தத்தையும் வாங்கி உறைய வைத்தார்கள். பின்னாளில் சிறுநீர்ப்பைப் புற்று வந்தவர்களின் பழைய சிறுநீரை எடுத்து, பத்து மரபணுக்களில் மாற்றங்களைத் தேடியபோது, 29 பேரில் 19 பேரிடம் நோய் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சிலரிடம் 12 ஆண்டுகள் வரை முன்பே, அடையாளம் இருந்தது. ஏழு ஆண்டுகளுக்குள் நோய் தெரிந்த 14 பேரில் 12 பேர் அகப்பட்டார்கள். நோய் வராத 98 பேரில் 94 பேருக்கு 'இல்லை' என்றே வந்தது. 2023இல் மிலானில் நடந்த ஐரோப்பியச் சிறுநீரியல் மாநாட்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த ஃபுளோரன்ஸ் லெ கால்வே கெல்ம் இதை அறிவித்தார். இவ்வளவு இருக்கும்போது, 'சான்று போதாது' என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பது நியாயமா?

எண்ணும்_எழுத்தும்

இளவேனில் அவர்களே, உங்கள் இழப்பை மதித்தே எழுதுகிறேன். கொலெஸ்தான் ஆய்வு எனக்கும் மிகுந்த நம்பிக்கை தருகிறது. புகையிலையும் ஓபியமும் பரவலாகப் புழங்கும் பகுதி அது, ஓபியமே புற்றுநோய்க் காரணி என்று 2020இல் வகைப்படுத்தப்பட்டது. அதிக ஆபத்துள்ளவர்களைத் தேர்ந்து சோதிப்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் குறைவு. ஆனால் நோய் தெரிய 12 ஆண்டுகள் இருக்கும்போதே 'மாற்றம் உண்டு' என்று ஒருவரிடம் சொன்னால், அந்த 12 ஆண்டுகளும் அவருக்கு நாம் செய்யப்போவது என்ன? சிறுநீர்ப்பைக்குள் கருவி செலுத்திப் பார்த்தால் எதுவும் தெரியாது. வெட்டி எடுப்பதற்குக் கட்டி இருக்காது. இதற்கு விடை காணும் ஆய்வுதான் அடுத்து வேண்டியது.

முன்கூட்டியே கண்டால் உயிர் பிழைக்கும் என்பது நம் எல்லோருக்கும் ஐயமற்ற உண்மையாகத் தோன்றுகிறது. அது பொய்த்த ஒரு வரலாறு சிறுநீர்ச் சோதனையிலேயே இருக்கிறது. இந்த இழையைப் படிப்பவர்கள் அதை அவசியம் அறிய வேண்டும்.

நியூரோபிளாஸ்டோமா என்பது பெரும்பாலும் சிறு குழந்தைகளை, அட்ரீனல் சுரப்பியிலோ முதுகெலும்பை ஒட்டிய நரம்புத் திசுவிலோ தாக்கும் புற்று. அந்தக் கட்டி அட்ரீனலின் வகைச் சுரப்புகளை உண்டாக்குவதால், அவற்றின் கழிவான வி.எம்.ஏ., எச்.வி.ஏ. ஆகியவை சிறுநீரில் மிகுந்து வரும். ஜப்பானில் 1970களில் கியோட்டோவில் தொடங்கி, 1980களின் நடுவில் நாடு முழுவதற்கும் விரிந்த திட்டத்தில், ஆறு மாதக் குழந்தையின் சிறுநீரை வடிதாளில் நனைத்துப் பெற்றோரே தபாலில் அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் நோய் தொடக்க நிலையில் அகப்பட்டது, அகப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லோருமே பிழைத்தார்கள். இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன இருக்க முடியும் என்று உலகமே எண்ணியது.

பிறகு கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் ஜெர்மனியிலும் ஒப்பீட்டுடன் செய்து பார்த்தார்கள். இரண்டின் முடிவும் 2002இல் ஒரே மருத்துவ இதழில் வந்தன. ஜெர்மனியில் ஒரு வயதையொட்டிச் சோதிக்கப்பட்ட சுமார் 14 லட்சத்து 75 ஆயிரம் குழந்தைகளில் 149 பேரிடம் சோதனையால் நோய் அகப்பட்டது. அவர்களில் 3 பேர் இறந்தார்கள். சோதனையில் 'இல்லை' என்று வந்து, பின்னர் நோய் தெரிந்தவர்கள் 55 பேர். அவர்களில் 14 பேர் இறந்தார்கள். லட்சம் குழந்தைகளுக்கு இறப்பு, சோதித்த பகுதியில் 1.3, சோதிக்காத பகுதியில் 1.2. வேறுபாடே இல்லை. சிறுநீரில் எளிதில் அகப்பட்ட கட்டிகளில் பெரும்பாலானவை, விட்டிருந்தால் தாமாகவே சுருங்கி மறைந்திருக்கக்கூடியவை. கொல்லக்கூடிய வகை வேகமாக வளர்ந்து, இரண்டு சோதனைகளுக்கு இடையிலோ அவை முடிந்த பின்போதான் தலைகாட்டியது. தேவையில்லாத அறுவையும் கீமோதெரபியும் பெற்ற பச்சிளம் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். ஜப்பான் அரசு 2003இல் இத்திட்டத்தை நிறுத்த முடிவெடுத்தது.

இளவேனில்

நீங்கள் சொன்னதில் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது. 2008இல் ஹியாமா குழுவினர் லான்செட் இதழில் ஜப்பானின் தரவுகளைத் திரும்பப் பார்த்து, சோதனை நடந்த ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளிடையே இந்த நோயால் இறப்பு குறைந்தே இருந்தது என்று எழுதினார்கள். ஆகவே அந்தக் கதை அவ்வளவு எளிதில் முடிந்துவிடவில்லை.

எண்ணும்_எழுத்தும்

உண்மைதான், அந்தக் கட்டுரை முக்கியமானது. ஆனால் அது வெவ்வேறு காலத்தில் பிறந்த குழந்தைகளை ஒப்பிட்டது. அந்த ஆண்டுகளில் சிகிச்சையும் மேம்பட்டுக்கொண்டே வந்ததால், குறைந்த இறப்பில் சோதனையின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று அதிலிருந்து பிரிக்க இயலாது. ஒரே காலத்தில் சோதித்த, சோதிக்காத குழந்தைகளை ஒப்பிட்ட கியூபெக், ஜெர்மனி ஆய்வுகளுக்கே நான் அதிக மதிப்புத் தருவேன். கணையத்தைப் பொறுத்தவரை உங்கள் வாதத்தின் வலிமையை ஏற்கிறேன்: குடும்பத்தில் பலருக்கு அந்நோய் இருந்தவர்கள், புதிதாகச் சர்க்கரை நோய் தோன்றிய முதியவர்கள் போன்றோரிடம் அந்தப் புரதங்களை ஆய்வுமுறையாகச் சோதித்தே தீர வேண்டும். பணம் கட்டி வாங்கும் பொருளாக அல்ல, பங்கேற்கும் ஆய்வாக அது நடக்க வேண்டும் என்பதே என் வாதம்.

மருத்துவர்_தென்காசி

சிறுநீரியல் அறுவை மருத்துவனாகச் சிலவற்றைச் சொல்கிறேன். கேள்வி கேட்ட காவிரிக்கரையின் தந்தை இந்த விவாதத்தில் பின்னுக்குப் போய்விடக் கூடாது.

அவருடைய ஆபத்து சாதாரணமானதல்ல. 1895இலேயே ஜெர்மனியில் லூத்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், ஃபுக்சின் சாயம் தயாரித்த தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டு எழுதினார். பீட்டா நாஃப்தைலமீன், பென்சிடின் ஆகியவை பிற்காலத்தில் குற்றவாளிகளாக உறுதிப்பட்டன. உடலுக்குள் சென்ற இந்தப் பொருள்களின் சிதைவுகளைச் சிறுநீரகம் வடிகட்டிச் சிறுநீர்ப்பையில் சேர்க்கிறது. அவை மணிக்கணக்கில் அந்த உட்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. வேலையை விட்டு இருபது ஆண்டுகள் கழித்தும் கட்டி தோன்றலாம். பீடி, சிகரெட்டுப் புகையிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள் உள்ளன. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதால் கவனம் கூடுதலாக வேண்டும்.

ஆகவே ஒரு நேரடிக் கேள்வி. உங்கள் அப்பாவுக்கு எப்போதாவது, ஒரே ஒரு முறையாவது, சிறுநீர் சிவப்பாகவோ பழுப்பாகவோ போனதுண்டா? வலி இருந்ததா இல்லையா என்பது முக்கியமல்ல. பீட்ரூட் சாப்பிட்டாலும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை எடுத்தாலும் நிறம் மாறும். அவை இல்லாமல் மாறியதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை

டாக்டர், உங்கள் கேள்வியைப் படித்ததும் அப்பாவிடம் கேட்டேன். முதலில் இல்லை என்றார். அம்மாதான் நினைவுபடுத்தினார்: சென்ற கோடையில் இரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. வலி இல்லை. உடம்புச் சூடு என்று பார்லித் தண்ணீரும் இளநீரும் குடித்திருக்கிறார். தானாகவே சரியாகிவிட்டதால் எங்களிடம் சொல்லவில்லை. நேற்று அருகிலுள்ள ஆய்வகத்தில் பட்டைச் சோதனை செய்தோம். ரத்தம் இல்லை என்று வந்திருக்கிறது. இது நல்ல செய்திதானே?

மருத்துவர்_தென்காசி

அம்மா, அந்த 'இல்லை'யை வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். சிறுநீர்ப்பைக் கட்டி தொடர்ந்து கசிவதில்லை. ஒருமுறை ரத்தம் விட்டு, வாரங்களோ மாதங்களோ நின்றுவிடும். பார்லித் தண்ணீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நின்றிருக்கும். பட்டைச் சோதனை ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினால் நிறம் மாறுவது. வைட்டமின் சி மிகுதியாக எடுத்திருந்தால் அது ரத்தத்தை மறைத்தும் காட்டும். கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் வந்து எங்களிடம் வருபவர்களில் பத்துப் பேருக்கு ஒருவரிடமாவது சிறுநீர்ப் பாதையில் எங்கேனும் புற்று அகப்படுகிறது. உங்கள் அப்பாவின் வயது, தொழில், பீடி மூன்றையும் சேர்த்தால் அவருடைய வாய்ப்பு இன்னும் கூடுதல். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பத்துப் பேரில் பெரும்பாலோருக்குக் கல்லோ, புரோஸ்டேட் வீக்கமோ, தொற்றோதான் காரணமாக இருக்கும். ஆனால் அது எது என்று பார்த்தே தீர வேண்டும்.

செய்ய வேண்டியது: சிறுநீரகம், சிறுநீர்க்குழாய் ஆகியவற்றுக்கு ஸ்கேன், சிறுநீர்ப்பைக்குச் சிஸ்டோஸ்கோப்பி, உடன் செல் பரிசோதனை. சிஸ்டோஸ்கோப்பி என்பது மெல்லிய ஒளிக்கருவியைச் சிறுநீர்த் துளை வழியே செலுத்திப் பார்ப்பது. மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவிச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சிறுநீரியல் பிரிவில் இந்த வசதிகள் உள்ளன. விளம்பரச் சோதனைக்கு ஒதுக்கிய பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலும் 'மாத்திரையால் வந்தது' என்று விட்டுவிடக் கூடாது என்பதையும் பொதுவாக இங்கே சொல்லி வைக்கிறேன்.

மலர்க்கொடி

நான் செவிலியர். டாக்டர் சொன்னதுடன் பெண்களைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். பெண்களுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தால் நீர்க்கடுப்பு என்று மாத்திரை கொடுத்து, மறுபடி வந்தால் மறுபடி மாத்திரை கொடுத்து, அதிலேயே மாதங்கள் போய்விடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தொற்று தீர்ந்த பின் மறுபடியும் சிறுநீரைச் சோதித்து, ரத்தம் நின்றுவிட்டதா என்று உறுதி செய்வது மிக அவசியம். மாதவிடாய் நின்ற பெண்கள் எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கூச்சத்தால் சொல்லாமலே விடுவதும் உண்டு.

இன்னொரு செய்தியும் இந்த இழைக்குப் பொருந்தும். கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் டி.என்.ஏ.வை, சிறுநீரின் முதல் பகுதியில் கண்டறியும் முறை வளர்ந்து வருகிறது. வெளிவரும் முதல் சிறுநீர் அப்பகுதியின் சுரப்புகளையும் செல்களையும் கழுவிக்கொண்டு வருவதே அதன் அடிப்படை. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களிடம் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய முறையைச் செய்து, கருப்பைவாய்ப் புற்று இறப்பை 35 விழுக்காடு குறைத்ததாக 2007இல் லான்செட்டில் வெளியானது. அதற்கே பரிசோதனை மேசையில் படுக்கக் கூச்சப்பட்டு வராத பெண்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் ஒரு கோப்பையைக் கொடுத்தால் வருவார்கள். இங்கே சிறுநீர் தேடுவது ஒரு குறிப்பிட்ட வைரஸை. கண்டுபிடித்தால் அடுத்து என்ன செய்வது என்பதும், அதனால் உயிர் பிழைக்கும் என்பதும் ஏற்கெனவே தெரியும்.

எண்ணும்_எழுத்தும்

மலர்க்கொடி அவர்களின் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. அடுத்த படி தெளிவாக இருக்கும் இடத்தில் நான் சிறுநீர்ச் சோதனையை முழு மனதுடன் ஆதரிக்கிறேன்.

காவிரிக்கரை

ஸ்கேனில் சிறுநீர்ப்பையின் இடப்பக்கச் சுவரில் சிறிய வளர்ச்சி ஒன்று தெரிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். சிஸ்டோஸ்கோப்பிக்கு வரும் வாரம் நாள் கொடுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி. பயமாகத்தான் இருக்கிறது. அதே பட்டறையில் வேலை பார்த்த மற்றவர்களின் வீடுகளுக்கும் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மருத்துவர்_தென்காசி

மிக நல்ல காரியம் செய்தீர்கள். புதிதாகத் தெரியவரும் சிறுநீர்ப்பைக் கட்டிகளில் பத்தில் ஏழு, தசையைத் துளைக்காத மேலோட்டமான நிலையிலேயே இருக்கும். அவற்றைக் கருவி வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம். முடிவு வந்ததும் எழுதுங்கள்.

பொருநைச்செல்வி

இழையைத் தொடர்ந்து படித்து வந்தேன். என் கணவருக்கு இதே நோய் அகற்றப்பட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டோஸ்கோப்பி செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர் படும் அவஸ்தையைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பதிலாகச் சிறுநீர்ச் சோதனை மட்டும் செய்துகொள்ள வழி உண்டா டாக்டர்?

மருத்துவர்_தென்காசி

மூன்று மாத இடைவெளி என்றால் அவருடையது பெரும்பாலும் அதிக ஆபத்து வகையாக இருக்க வேண்டும். அந்த வகைக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பின்னர் ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், அதன் பின் ஆண்டுக்கு ஒருமுறையும் சிஸ்டோஸ்கோப்பியும் செல் பரிசோதனையும் சேர்த்துச் செய்யப்படுகின்றன. அங்கே ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் செய்ய நான் சொல்ல மாட்டேன். இந்த நோய் திரும்பத் திரும்ப வரும் இயல்புடையது, அதிக ஆபத்து வகையில் ஒரு கட்டியைத் தவறவிட்டால் அது தசைக்குள் இறங்கிவிடலாம்.

ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது, உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 3, 7, 17ஆம் குரோமோசோம்களையும் 9ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியையும் ஒளிரச் செய்து பார்க்கும் சோதனை, நியூசிலாந்தின் டனிடின் நகரில் உருவான மரபணு வெளிப்பாட்டுச் சோதனை ஆகியவை இதற்காகவே வந்தவை. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2025இல் திருத்திய வழிகாட்டுதலில், நுண்ணோக்கியில் மட்டும் ரத்தம் தெரிகிற, நடுத்தர ஆபத்துள்ள சிலருக்கு, அவர்கள் விரும்பினால், சிஸ்டோஸ்கோப்பி தேவையா என்று முடிவெடுக்கச் சிறுநீர்ச் சோதனையைத் துணையாகக் கொள்ளலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. புரோஸ்டேட்டிலும் இப்படித்தான்: முன்பு செய்த பயாப்சியில் புற்று தெரியாதவருக்கு மறுபடியும் பயாப்சி தேவையா என்று பார்க்கும் இரண்டாம் படியாகவே 2012இல் பி.சி.ஏ.3 சிறுநீர்ச் சோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உங்கள் கணவரின் வலியைக் குறைக்க இன்றே செய்யக்கூடியது, வளையும் தன்மையுள்ள கருவியால் பார்க்கும் மருத்துவமனையைக் கேட்டறிவது. ஆண்களுக்கு அதில் வலி கணிசமாகக் குறையும்.

நுண்ணோக்கி

செல் பரிசோதனைக்கு மாதிரி கொடுக்கும் இருவருக்கும் ஒரு குறிப்பு. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் வேண்டாம். இரவு முழுவதும் தேங்கிய சிறுநீரில் செல்கள் சிதைந்திருக்கும். அதைக் கழித்துவிட்டு, தண்ணீர் குடித்து, சற்று நடந்த பின் போகும் இரண்டாவது சிறுநீரை முழுமையாகப் பிடியுங்கள். கூடுமானவரை ஆய்வகத்திலேயே கொடுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்தால் வெயிலில் வைக்காமல் உடனே சேர்த்துவிடுங்கள். சாயப்பட்டறை வேலை, பீடி, முன்பு ரத்தம் போனது, கருவி செலுத்திய தேதி ஆகியவற்றைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். தகட்டில் ஐயமான ஒரு செல்லைக் காணும்போது, சீட்டிலுள்ள அந்த வரிகளைப் பார்த்துத்தான் நாங்கள் மறுமுறை தேடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம்.